கராஜில் நல்ல பிள்ளையான கார்

பல்வலியால் இரவெல்லாம் புரண்டவன் விடிந்ததும் வைத்தியரின் கதவைத் தட்டுவான். கதவு திறக்கும்போது வலி போன இடம் தெரியாது. கார்களும் அப்படித்தான். வீதியில் ஆடாத ஆட்டமெல்லாம் ஆடிவிட்டு, எங்கள் கராஜ் வாசலுக்கு வந்ததும் நல்ல பிள்ளையாகிவிடும். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு முதல் வருடத்திலேயே இது நடக்கும். காரைக் கொண்டுவந்தவர் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணுவார், கார் அவரைப் பொய்யராக்கும். அப்போது உங்கள் வாய் "குறை ஒன்றும் இல்லை" என்று சொல்லத் துடிக்கும். தயவுசெய்து வாயை மூடிக்கொள்ளுங்கள். "நான் இன்னும் காணவில்லை" என்பது வேறு, "இல்லை" என்பது வேறு. இரண்டையும் ஒன்றாக்கியதால் ஒரு பெண் தன் வேலையையே இழக்கப் பார்த்தாள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கனடாவில், மொன்றியல் நகரத்தின் சென்ட் லோறன் பக்கம் ஒரு கராஜில் வேலை செய்துகொண்டிருந்தேன். முதலாளி கியூபெக் பிரெஞ்சுக்காரர். நல்ல வேலைக்காரர், வாய்தான் கொஞ்சம் நீளம். அங்கே தமிழ் தெரிந்த மெக்கானிக் நான் ஒருவன்தான் என்பதால், பக்கத்தில் கார்ட்டியர்விலில் இருந்த எங்கள் சனமெல்லாம் என்னைத் தேடித்தான் வரும். கார் வருத்தத்தோடு வீட்டு வருத்தத்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டுப் போகும். நானும் பொறுமையாகக் கேட்பேன். பொறுமை இல்லாத நாட்களில் எஞ்சினை உறுமவிட்டுக் கேட்பேன்.

பனி உருகி, வீதியெல்லாம் உப்பும் சேறுமாகக் கிடந்த ஒரு நாள் அன்ரனும் றெஜினாவும் வந்தார்கள். புருஷன் பெண்சாதி. மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர். காரை ஓட்டி வந்தது அன்ரன். இறங்கியதும் கதவைச் சாத்துவதற்கு முன்பே தீர்ப்பைச் சொல்லிவிட்டார்.

"அண்ணை, காருக்கு ஒண்டுமில்லை. இவ ஓடினா மட்டும்தான் நிக்குது. நான் ஓடினா பூப்போலை போகுது. இப்பவும் நான்தானே கொண்டந்தனான், ஒருக்காலும் நிக்கேல்லை."

றெஜினா கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மற்றப் பக்கத்தில் நின்றாள். லைசென்ஸ் எடுத்து அதிக காலம் ஆகவில்லை. கர்க்லாண்டில் ஒரு முதியோர் இல்லத்தில் காலை வேலை. அந்த நேரத்துக்கு அங்கே கொண்டுபோய் விடக்கூடிய பஸ் இல்லை. கார் இருந்தால்தான் வேலை.

"என்ன நடந்தது தங்கச்சி?" என்று அவளைக் கேட்டேன்.

"ஹைவேயாலை இறங்கிற வளைவிலை பிரேக் அமத்தேக்கை எஞ்சின் நிண்டிட்டுது அண்ணை. ஸ்டியரிங் கல்லு மாதிரி இறுகிப்போச்சு. பின்னாலை பெரிய லொறி. அவன் ஹோர்ன் அடிச்ச அடியிலை, சரி, இண்டையோடை முடிஞ்சுது எண்டுதான் நினைச்சன்."

"நீர் பிரேக்கை அமத்திற விதம் பிழை," என்றார் அன்ரன்.

அவள் முகத்தை வீதிப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பலமுறை பதில் சொல்லிக் களைத்துப்போன முகம் அது.

காரின் கம்பியூட்டரைக் கேட்டேன். அது வேக சென்சரைக் குற்றம் சாட்டியது. அந்தக் காலத்துக் காரில் இது என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பிறகு தொழில் விவரம் பேசமாட்டேன். கார் ஓடுகிறதா நிற்கிறதா என்று கம்பியூட்டருக்குச் சொல்வது இந்த சென்சர். அந்தச் செய்தி வராமல் போனால், வேகம் குறையும்போது எஞ்சினை எப்படித் தாங்கிப் பிடிப்பது என்று கம்பியூட்டருக்குத் தெரியாது. எஞ்சின் அணைந்துவிடும். அந்தக் காரில் சென்சர், சாரதியின் கண்ணுக்கு முன்னால் இருக்கும் ஸ்பீடோமீட்டருக்கு உள்ளேயே இருந்தது. ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு மெல்லிய தகடுகள், பக்கத்தில் சுழலும் ஒரு காந்தம். காந்தம் சுற்றச் சுற்றத் தகடுகள் ஒட்டும், விலகும். அதை எண்ணித்தான் கம்பியூட்டர் வேகத்தை அறிந்துகொள்ளும்.

இன்னொரு கராஜில் ஏற்கெனவே ஸ்பீடோமீட்டரை முழுதாகவே மாற்றிப் பார்த்திருந்தார்கள். நான் வயர்களைச் சோதித்தேன். சென்சரைச் சோதித்தேன். வீதியில் ஓட்டிப் பார்த்தேன். சுகதேகி! சென்சர் பிழை என்று டாஷ்போட்டில் எரிந்த எச்சரிக்கை விளக்கை அணைத்துக் காரைக் கொடுத்தனுப்பினேன். அடுத்த நாள் றெஜினா வேலைக்குப் போகும் வழியில் விளக்கு மறுபடி எரிந்தது, சந்தியில் எஞ்சினும் அணைந்தது.

அந்தச் சனிக்கிழமை இருவரும் திரும்பவும் வந்தார்கள். திரும்பவும் அன்ரன்தான் ஓட்டிவந்தார், திரும்பவும் காருக்கு ஒரு வருத்தமும் இல்லை. முதலாளி தானே ஏறி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார். என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "காரில் ஒன்றும் இல்லை. மதாமுக்கு ஓட்டத் தெரியவில்லை. இல்லாவிட்டால் கம்பியூட்டரை மாற்று. இரண்டில் ஒன்றைச் செய்து அனுப்பு, வாசலில் கார்கள் நிற்கின்றன" என்றார்.

அன்ரனுக்குப் பிரெஞ்சு அரைகுறை. ஆனால் மதாம் என்ற சொல்லும் முதலாளியின் கை காட்டிய திசையும் அவருக்குப் போதுமாக இருந்தது.

"நான் சொன்னதைத்தானே அவரும் சொல்லுறார் அண்ணை? நாளைக்குப் பூசை முடிய ஒராள் கார் பாக்க வாறார். குடுத்திடப் போறன். இவவுக்கு ஓட்டம் சரிவராது."

சொல்லிவிட்டு வெளியே சிகரெட் பற்றவைக்கப் போனார். அவர் போனதும் றெஜினா என் பக்கம் திரும்பினாள்.

"கார் போனா வேலையும் போகும் அண்ணை. வேறை வேலை பிறகும் எடுக்கலாம். ஆனா எனக்கு ஓடத் தெரியும். ஒருதரும் நம்புறேல்லை. இப்ப எனக்கே நம்பிக்கை போகுது."

எனக்குக் கோபம் வந்தது. இரக்கம் பிறகுதான் வந்தது, முதலில் வந்தது கோபம். முதலாளியிடம் போனேன். பிரேக்கைப் பிழையாக அமத்துகிறவருக்கு எஞ்சின் அணையலாம், ஆனால் சென்சர் பிழை என்று விளக்கு எரியாது என்றேன். காரை ஓட்டுகிறது ஆணா பெண்ணா என்று கம்பியூட்டருக்குத் தெரியாது என்றேன். கம்பியூட்டரை மாற்றவும் மாட்டேன், அது வைத்தியம் இல்லை, சீட்டிழுப்பு என்றேன். இவ்வளவு பிரெஞ்சை நான் ஒரே மூச்சில் அதற்கு முன் பேசியதில்லை. பாதியாவது பிழையாகத்தான் இருந்திருக்கும். ஆனால் முதலாளிக்கு விளங்கிவிட்டது. "மத்தியானச் சாப்பாட்டு நேரத்தை எடுத்துக்கொள். அதற்குள் கண்டுபிடி" என்றார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். உங்களைச் சுற்றி எல்லாரும் ஒரே முடிவைச் சொல்லும்போது, வாசலில் கார்கள் காத்து நிற்கும்போது, முதலில் உங்கள் கையில் இருக்கும் உண்மையை எண்ணிப் பாருங்கள். என் கையில் இருந்தது இவ்வளவுதான்: விளக்கு உண்மையிலேயே எரிகிறது. அவள் ஓட்டினால் எரிகிறது, நாங்கள் ஓட்டினால் எரியவில்லை. அப்படியென்றால் அவள் ஓட்டும்போது காரில் இருக்கும் ஏதோ ஒன்று, நாங்கள் ஓட்டும்போது இல்லை. அது என்ன என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் எங்கே தேடவேண்டும் என்று தெரிந்துவிட்டது. பாதிக் கிணறு தாண்டியாயிற்று, பாதியில் நின்றால்தான் ஆபத்து.

அவளிடம் போய்ச் சொன்னேன். "தங்கச்சி, நீங்கள் ஓடுங்கோ, நான் பக்கத்திலை இருக்கிறன். திங்கக்கிழமை காலமை வேலைக்குப் போற மாதிரியே வெளிக்கிடுங்கோ. ஒண்டையும் விடப்படாது. ரேடியோ கேக்கிறனீங்கள் எண்டால் ரேடியோவும் போடுங்கோ."

அன்ரன் பின் ஆசனத்தில் ஏறினார். சாட்சி சொல்ல வந்தவர்போல நடுவிலே நிமிர்ந்து உட்கார்ந்தார்.

றெஜினா ஆசனத்தை முன்னுக்கு இழுத்தாள். கண்ணாடியைத் திருத்தினாள். ஹீட்டரையும் ரேடியோவையும் போட்டாள். நான் ஒவ்வொன்றையும் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தேன். ஹீட்டர் விசிறியா? ரேடியோவா? அவள் கைப்பையைத் திறந்து, கைலேஞ்சியில் சுற்றியிருந்த ஒரு சின்ன மாதா சுரூபத்தை எடுத்து, முத்தமிட்டு, ஸ்பீடோமீட்டருக்கு மேலே இருந்த மூடியில் வைத்தாள். 'டக்' என்று ஒரு சத்தம். பிறகு சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு காரை எடுத்தாள்.

"மாதாவைக் கைப்பைக்குள்ளையே வைச்சிருக்கிறனீங்கள்?"

"எங்கடை ஊர்ப் பக்கத்து மடுக் கோயில் மாதா அண்ணை. வீதியிலை, கராஜிலை எல்லாம் காருக்குள்ளை தனிய விட்டிட்டுப் போக மனம் வராது. நான் இறங்கினா அவவும் என்னோடை இறங்கிடுவா."

"அன்ரன் ஓடேக்கை?"

"அவர் ஓடேக்கை என்ரை மடியிலைதான். ரெண்டு கையாலையும் பிடிச்சுக்கொண்டிருப்பன். அவரின்ரை ஓட்டத்துக்கு அப்பிடித்தான் பிடிக்கவேணும்."

பின்னாலிருந்து ஒரு செருமல் வந்தது.

குவான் வீதியில், ஆற்றங்கரைப் பக்கமாகப் போனோம். நான் மெக்கானிக்காகச் சொல்கிறேன், அவள் நன்றாக ஓட்டினாள். முன்னால் போகும் காருக்கு இடம் விட்டு, கண்ணாடியைப் பார்த்து, திரும்பும்போது அவசரப்படாமல் ஓட்டினாள். அன்ரனைவிட நன்றாக என்று சொல்லலாம், ஆனால் நான் அன்ரனோடு போனதில்லை. சிறிது தூரத்தில் விளக்கு எரிந்தது. அடுத்த ஸ்டொப் பலகையில் அவள் மெதுவாகப் பிரேக்கை அமத்தினாள். எஞ்சின் ஒருமுறை தும்மிவிட்டு அணைந்தது.

"பாத்தியளே அண்ணை!" என்று பின் ஆசனம் துள்ளியது.

றெஜினா ஸ்டியரிங்கை விடாமல் பிடித்துக்கொண்டு முன்னாலேயே பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. நான் ஹீட்டரை நிறுத்தினேன். ரேடியோவை நிறுத்தினேன். அப்போதுதான் அந்த 'டக்' சத்தம் என் காதுக்குத் திரும்பி வந்தது. பிளாஸ்டிக்கில் சுரூபம் வைத்தால் அப்படிக் கேட்காது. இரும்போடு இரும்பு கவ்வும்போதுதான் அப்படிக் கேட்கும்.

கையைத் துணியில் துடைத்தேன். நான் சைவ சமயக்காரன், கையில் கிறீஸ் வேறு. "மாதாவைத் தூக்கலாமோ?" என்று கேட்டேன். அவள் தலையாட்டினாள். தூக்கினால் வரவில்லை. இழுக்கவேண்டியிருந்தது. கைக்குள் வந்ததும் பாரம் தெரிந்தது. ஒரு சின்னச் சுரூபத்துக்கு அவ்வளவு பாரம் இருக்க நியாயமில்லை.

அதை என் மடியில் வைத்துக்கொண்டு, "இப்ப எடுங்கோ" என்றேன். அந்த வட்டாரத்தை ஒரு சுற்றுச் சுற்றினோம். எல்லா ஸ்டொப்பிலும் எஞ்சின் நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் ஒருமுறை நடந்தது தற்செயலாகவும் இருக்கலாம். அதனால் மாதாவைப் பழைய இடத்தில் வைத்தேன். 'டக்'. மறுபடி ஓட்டச் சொன்னேன். எஞ்சின் அணைந்தது. எடுத்தேன், சரியாயிற்று. கண்டுபிடித்த சந்தோஷத்தில் பாய்ந்துவிடாமல், பிழையை நீங்களே வரவழைத்து நீங்களே போக்கிப் பார்க்கவேண்டும். அப்போதுதான் அது உங்கள் கைக்குள் வந்ததாக அர்த்தம்.

நான் வெற்றிக் களிப்பில் இருந்தேன். ஆனால் றெஜினாவைப் பார்க்க மறந்துவிட்டேன். அவள் காரை ஓரமாக நிறுத்தினாள். முகம் வெளிறியிருந்தது.

"அப்ப... நான் ஓடுறது மாதாவுக்கு விருப்பமில்லையோ அண்ணை?"

வைத்தால் நிற்கிறது, எடுத்தால் ஓடுகிறது. அவள் கண்ணால் கண்டது அதுதானே! புருஷன் நம்பவில்லை, முதலாளி நம்பவில்லை, கடைசியில் மாதாவும் கைவிட்டுவிட்டாள் என்று அவள் நினைத்தாள். இந்த மாதிரி நேரத்தில் தாமதிக்கக் கூடாது. சென்சர், காந்தப்புலம் என்று படிப்பிக்கவும் கூடாது. சுரூபத்தைத் தலைகீழாகத் திருப்பி அவள் கண்ணுக்கு முன்னால் பிடித்தேன்.

"மாதாவுக்கு ஒரு கோபமுமில்லை. இஞ்சை பாருங்கோ. அடியிலை ஒட்டியிருக்கிறது பழைய ஸ்பீக்கர் ஒண்டின்ரை காந்தம். ஸ்பீடோமீட்டருக்குள்ளை இருக்கிற தகட்டை இந்தக் காந்தம் மேலையிருந்து பிடிச்சுக்கொண்டு விடுகுதில்லை. அதுதான் கம்பியூட்டர் கார் நிக்குது எண்டு நினைக்குது. வேறை ஒண்டுமில்லை, தங்கச்சி. நீங்கள் வடிவா ஓடுறியள்."

அவள் மூச்சை விட்டாள். நான் சுரூபத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வேலை நல்ல சுத்தம். காந்தத்தைப் பசை வழியாமல் ஒட்டி, விளிம்பை அரத்தால் தேய்த்து மழுக்கியிருந்தது. டாஷ்போட் மூடியைத் தடவிப் பார்த்தேன். மேல் உறையைப் பிரித்து, அதற்குக் கீழே ஒரு இரும்புத் தகட்டை வைத்து, வெளியே தெரியாமல் திரும்ப ஒட்டியிருந்தது.

"ஆர் செய்தது இது? நல்ல கை," என்றேன். உண்மையாகவே பாராட்டித்தான் கேட்டேன்.

றெஜினா கண்ணாடியில் பின்னாலே பார்த்தாள். நானும் திரும்பிப் பார்த்தேன். சாட்சி சொல்ல வந்தவர் குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான்," என்றார் அன்ரன். "மாதா ஒருநாள் வளைவிலை விழுந்து கை உடைஞ்சு போச்சு அண்ணை. இவ அழுதுகொண்டு வீட்டை வந்தவ. திரும்ப விழக்கூடாதெண்டு... வீட்டிலை பழைய ரேடியோ ஒண்டு கிடந்தது."

பார்த்தேன். மாதாவின் ஒரு கை மணிக்கட்டில் ஒட்டுப் போட்டிருந்தது. அதுவும் சுத்தமான வேலைதான்.

மனுசன் மேல் எனக்கிருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. பெண்சாதி அழக்கூடாது என்று ஒரு நாள் முழுக்க மெனக்கெட்டிருக்கிறார். அந்த வேலையே அவளை நடுவீதியில் நிறுத்திவிட்டது. நிறுத்தியது தன் கைதான் என்று தெரியாமல், உனக்கு ஓடத் தெரியாது என்று நாள்தோறும் சொல்லியும் இருக்கிறார். றெஜினா பேசுவாள், நிறையப் பேசுவாள் என்று எதிர்பார்த்தேன். எனக்கும் அதைக் கேட்க ஆசையாக இருந்தது, மறைப்பானேன். அவள் சிரித்தாள். முதலில் மெதுவாக, பிறகு ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள்.

பிறகு நிமிர்ந்தாள். "அண்ணை, குறை நினையாதேங்கோ, நீங்கள் பின்னுக்குப் போங்கோ. இஞ்சாருங்கோ, நீங்கள் முன்னுக்கு வாங்கோ."

இடம் மாறினோம். அன்ரன் முன்னால் ஏறி பெல்ட்டைப் போட்டதும் அவள் மாதாவை அவர் மடியில் வைத்தாள்.

"இறுக்கிப் பிடியுங்கோ. ரெண்டு கையாலையும்."

கராஜ் வரைக்கும் அவள் ஓட்டிவந்தாள். ஒரு வளைவில் அன்ரனின் வாய் "மெதுவா..." என்று தொடங்கியது. மடியில் இருந்த மாதாவைக் குனிந்து பார்த்துவிட்டு அப்படியே மூடிக்கொண்டது. ஸ்டொப் பலகைகள் ஒவ்வொன்றாக வந்தன, போயின. எஞ்சின் ஒரு தும்மல்கூடத் தும்மவில்லை.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். காரின் சாவியை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு, ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். ஓட்டுகிறவரையும் ஏற்றிக்கொண்டு போங்கள். கைப்பை, சாமி, சாப்பாட்டுப் பெட்டி, பிள்ளையின் ஆசனம் எல்லாம் வழமைபோல இருக்கட்டும். காரில் இல்லாத பிழை சில நேரம் காருக்குள் கொண்டுவரும் சாமானில் இருக்கும். அதற்காக அந்தச் சாமானை இளக்காரமாகப் பார்க்காதீர்கள். மாதா பிறகும் அந்தக் காரில்தான் போனாள். அன்ரனே காந்தத்தைக் கழற்றி, இரண்டு பக்கமும் ஒட்டும் நாடா வாங்கி வந்து, அவளை ஸ்பீடோமீட்டருக்குத் தூரமாக மற்றப் பக்கத்தில் அமர்த்தினார்.

அன்று நாங்கள் திரும்பி வந்தபோது முதலாளி வாசலில் நின்று புகைத்துக்கொண்டிருந்தார். ஓட்டுவது மதாம், பக்கத்தில் இரண்டு கையாலும் மாதாவை ஏந்திய புருஷன், பின் ஆசனத்தில் மெக்கானிக். கோயில் பக்கம் போய்ப் பல காலமான அந்த மனுசன் சட்டென்று சிகரெட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்ததை நான் பார்த்தேன். "என்ன பாகம் மாற்றினாய்?" என்று கேட்டார். ஒன்றும் மாற்றவில்லை என்றேன்.

றெஜினா எஞ்சினை நிறுத்தவில்லை. அது ஓடிக்கொண்டிருக்கட்டும் என்று விட்டுவிட்டு, கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அன்ரன் பக்கம் திரும்பினாள்.

"இறங்கிப் போய், அந்தக் கார் பாக்க வாற ஆளுக்குப் போன் எடுங்கோ. நாளைக்கு வரவேண்டாம் எண்டு சொல்லுங்கோ."

"ஓம்," என்றார் அன்ரன். அவ்வளவுதான் சொன்னார். இரண்டு கையிலும் மாதா இருந்தாள். அதனால் முழங்கையால் கதவைத் திறந்துகொண்டு இறங்கி, கராஜ் போன் இருந்த மேசைக்குச் சேற்றில் வழுக்காமல் அடிமேல் அடி வைத்து நடந்தார்.